ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலங்கள்

கடைசிப் பக்கம் மட்டும் இன்னும் காலியாகக் கிடந்தது. தனுஷ்கோடி பசை டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையாதலால் மத்தியானத்தோடு ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டாயிற்று. கீழமாசி வீதி முழங்கால் உயரத்துக்கு மட்டும் தெரிந்தது, செருப்புகள், வேட்டிக் கரைகள், ஒரு சைக்கிள் சக்கரம், நின்று யோசித்துவிட்டுப் போகும் ஒரு நாய். உள்ளே சுக்கும் அதிமதுரமும் வசம்பும் கலந்த நாட்டு மருந்துக் கடை வாசம், வெளியாட்களுக்குத்தான் அது வாசம், அவருக்கு வெறும் காற்று. சாயங்காலம் மகள் வருவாள். சொல்லிக்கொள்ள வருகிறாள். நாளைக்கு விமானம் ஏறி அயர்லாந்து போய்விடுவாள், அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, திரும்ப எப்போது என்று அவளுக்கே தெரியாது. அதற்குள் இந்த ஆல்பத்தை முடித்தாக வேண்டும். முடிப்பது என்ன பெரிய காரியம், ஒரு பக்கம், ஒரு பொட்டலம், எடுத்து ஒட்டினால் தீர்ந்தது. ஆனால் முடித்துவிட்டால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் அவள் புரட்டுவாள், புரட்டும்போது அவள் முகத்தை இவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த முகத்தில் ஒன்றுமே தெரியாமல் போய்விட்டால்? அழகா இருக்குப்பா என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிப் பையில் போட்டுக்கொண்டால்? சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே கடைப் போனில் தோழியிடம் சொன்னாளே, "ஒண்ணும் இல்லடி, சும்மா கடையில உக்காந்துருப்பேன்" என்று, அந்தச் சும்மா காதுக்குள் போன எறும்பு மாதிரி இத்தனை வருஷமாக உள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்கிறது. அது உண்மையாக இருந்துவிட்டால் இந்த ஆல்பம் முழுக்க அவர் ஒருத்தருடைய ஞாயிற்றுக்கிழமைகள்தான், அவளுடையது ஒன்றுகூட இல்லை. மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

இந்த ஆல்ப யோசனையே அவருடையதில்லை. விசா வந்துவிட்டது என்று மகள் போன் செய்த அன்று ராத்திரி தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோவில் ஒரு பெண் வந்தாள், நகத்துக்கெல்லாம் பூப் போட்டிருந்தாள், ஸ்கிராப் புக் செய்வது எப்படி என்று தமிழும் இங்கிலீஷுமாகக் கலந்துகட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். உங்க அன்பானவங்களுக்கு உங்க கையால ஒரு பரிசு. முதல்ல தீம் செலக்ட் பண்ணுங்க. அப்புறம் உங்க ஸ்டைல் என்னன்னு கண்டுபிடிங்க. தனுஷ்கோடிக்குச் சிரிப்பு வந்தது. என் ஸ்டைல் என்னம்மா ஸ்டைல், வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் ஒரு கீற்று, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, ஐம்பத்தாறு வயசுக்கு இதுதான் ஸ்டைல். ஆனாலும் மறுநாள் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போய் நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் வரிசையில் நின்று, கறுப்புத் தாள் வைத்த தடி ஆல்பம், பூப்போட்ட டேப், முத்து முத்தாக ஒட்டுகிற சாமான், ஓரம் வளைத்து வெட்டுகிற கத்தரி எல்லாம் வாங்கிவந்தார். தீம் ரோஸ் கலர் என்று முடிவுசெய்தார், பெண் பிள்ளைக்கு ரோஸ்தானே என்று. பாதி ராத்திரிக்கு மேலே ஞாபகம் வந்தது, அவளுக்கு ரோஸ் கலரே பிடிக்காது, ஒரு தீபாவளிக்கு எடுத்த ரோஸ் பாவாடையைப் பார்த்து அவள் அழுத அழுகை மேலமாசி வீதி வரை கேட்டிருக்கும். தீமை அத்தோடு கைவிட்டார். அப்புறம் வருஷ வரிசையாக வைக்கலாம் என்று ஆரம்பித்தார். எந்த வருஷம் எது என்று அவருக்கு நிச்சயமில்லை. திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனது முன்பா, அழகர்கோயிலில் குரங்கு அவள் கையிலிருந்த கொய்யாவைப் பிடுங்கியது முன்பா? ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்துப் பசை தடவி ஒட்டினார், பசை ஈரத்தில் அச்சு கரைந்து எழுத்தெல்லாம் ஒரு நீலக் கறையாகப் போயிற்று. ஒரு மயிலிறகை ஒட்டினார், இறகு பசையைக் குடித்துவிட்டு ஈரக்கோழி மாதிரி படுத்துக்கொண்டது. கிளிஞ்சலோ ஒட்டவே மாட்டேன் என்றது, எத்தனை தடவை அழுத்தி வைத்தாலும் பக்கத்தை நிமிர்த்தினால் டக்கென்று விழுந்தது. அந்தப் பூநகப் பெண் மட்டும் சிரித்துக்கொண்டே ஒட்டிக்கொண்டிருந்தாள், அவள் வைத்தால் எல்லாம் ஒட்டியது. அந்த ராத்திரி அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது, ஒரு டிக்கெட் போனதற்காக அல்ல, இருப்பதே கொஞ்சம், அதையும் தன் கையாலேயே அழித்துக்கொண்டிருக்கிறோமே என்றுதான்.

இருப்பதே கொஞ்சம்தான். கல்யாணப் படம், பிறந்தநாள் படம் எல்லாம் பிரிந்துபோன மனைவி மேகலாவிடம் போய்விட்டன, அது நியாயம்தான், பிள்ளை இருக்கிற வீட்டில்தான் படங்களும் இருக்க வேண்டும். மேகலா கெட்டவள் இல்லை. அவரும் கெட்டவர் இல்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் மட்டும் இரண்டு பேரும் கெட்டவர்களாகிவிடுவார்கள், அவ்வளவுதான், அதைக் கோர்ட்டுக்குச் சொல்லத் தெரியாமல் வக்கீல்கள் வேறு என்னென்னவோ சொன்னார்கள். பிள்ளை அம்மாவோடு தல்லாகுளத்தில் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கூட்டிக்கொண்டு போகலாம், இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்று தீர்ப்பானது. பெயரில்கூட அவர்கள் ஒத்துப்போகவில்லை. மதுரையில் பிறந்த பெண்ணுக்கு மீனாட்சியின் பழைய பெயரை வைத்தே தீருவேன் என்று இவர் தடாதகை என்று வைத்தார், வாய்க்குள்ளே நுழையாத பேரை வச்சு பிள்ளையக் கேலிப்பொருளாக்காதீங்க என்று மேகலா வீட்டில் பிரியா என்று கூப்பிட்டாள். ஆக ஆறு நாள் பிரியா, ஏழாம் நாள் தடாதகை. ஏழாம் நாள் காலையில் இவர் கடையைத் திறந்து வைத்திருப்பார், அரை நாள் வியாபாரம் விடமுடியாது, அவள் கடுக்காய் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு எங்கேயாவது போவார்கள், காந்தி மியூசியம், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், ஒன்றும் இல்லையென்றால் ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று ரயில் பார்ப்பார்கள். சாயங்காலம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பக் கடைக்கு வந்துதான் சட்டைப் பையைக் காலி செய்வார். பையில் ஏதாவது கிடக்கும், அவள் பொறுக்கிக் கொடுத்தது, வச்சுக்கோப்பா என்று திணித்தது. அதைத் தூக்கிப் போட மனசு வராது. வீட்டுக்குக் கொண்டுபோனால் வீடு இன்னும் காலியாகத் தெரியும். அதனால் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழிப்பார், ஞாயிற்றுக்கிழமைத் தாள் சிவப்பு எழுத்தில் இருக்கும், அந்தச் சாமானை அந்தத் தாளில் வைத்துப் பொட்டலமாக மடித்து, மேல் வரிசையில் காலியாக இருந்த ஒரு இழுப்பறையில் போட்டுவிடுவார். மடிப்பது அவர் தொழில், கை அதுபாட்டுக்குச் செய்யும், மனசு கூடப் போகாது. வாரத்துக்கு ஒன்றாகப் போட்டுப் போட்டு இழுப்பறை இழுக்க முடியாமல் இறுகிப்போனது. அதைத்தான் இப்போது இந்த ஆல்பத்துக்காக இழுத்துத் திறந்து, ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து, தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, உள்ளே இருந்ததை மட்டும் எடுத்துக் கறுப்புப் பக்கத்தில் வைத்துப் பசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் பிரித்த பிறகுதான் புத்தி வந்தது. எந்தச் சாமான் எந்தத் தாளில் இருந்தது என்பது போயே போய்விட்டது. தேதி குப்பையில், கிளிஞ்சல் மேஜையில், இனி பிரம்மாவே வந்தாலும் சேர்க்க முடியாது.

அந்த ஆத்திரத்தில்தான், வேறு என்ன செய்வது என்று தெரியாத கையோடு, ஒட்டாத கிளிஞ்சலை எடுத்து ஒரு தாளில் வைத்து மடித்துவிட்டார். மடித்த பிறகு பார்த்தார். பொட்டலம் கையில் இருந்தது. அதன் முதுகில் ஒரு பொட்டுப் பசை தடவிப் பக்கத்தில் வைத்தார், கம்மென்று உட்கார்ந்துகொண்டது. கிளிஞ்சல் உள்ளே, பசை வெளியே, ஒன்றை ஒன்று தொடவில்லை, எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம், பார்த்துவிட்டு மடிக்கலாம். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். அட சண்டாளா, வருஷக்கணக்காக இதைத்தானே செய்துகொண்டிருந்தாய், அந்தப் பூநகப் பெண் சொல்கிற வேலையை இழுப்பறைக்குள் வைத்துச் செய்துவிட்டு, இப்போது காசு கொடுத்து முத்து வாங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறாயே. ஸ்டைல் ஸ்டைல் என்றாளே, இருந்தது, அதுவும் ஊர் அறிந்த ஸ்டைல். தனுஷ்கோடிக்குப் பீச்சாங்கைப் பழக்கம். அவர் மடிக்கிற பொட்டலத்தில் கடைசி மடிப்பு மற்றவர்கள் செருகுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய்ச் செருகிக்கொள்ளும், அதனால் பிரிக்கத் தெரியாமல் வாடிக்கைக்காரர்கள் தாளைக் கிழிப்பார்கள், கால்வாசி மருந்து கீழே போகும். இன்றைக்கு மத்தியானம்கூட ஷட்டருக்குக் கீழே ஒரு தலை குனிந்து எட்டிப் பார்த்தது, பந்தடித் தெரு சரசக்கா. "அண்ணே, கடை இருக்கா? பேரனுக்குச் சளி, கொஞ்சம் சித்தரத்தை குடுங்க" என்றாள். கொடுத்ததும், "இந்தப் பொட்டலத்த நீங்களே ஒருக்கா பிரிச்சுக் காட்டிருங்கண்ணே, போன தடவ இதோட மல்லுக்கட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்குக் காய்ச்சலே போயிருச்சு" என்றாள். "மருந்து அப்ப நல்லா வேலை செஞ்சிருக்குல்ல" என்றார் இவர். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அன்றைக்கு அந்தக் கிளிஞ்சல் பொட்டலம் உட்கார்ந்ததற்குப் பிறகு வேலை அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. எதை எதன் பக்கத்தில் வைப்பது என்று இனிமேல் காலண்டரைக் கேட்க வேண்டியதில்லை, அதுவும் கைக்குத் தெரிந்த கணக்குதான். கடையில் பெருங்காயத்தின் பக்கத்தில் ரோஜா மொட்டு வைப்பாரா ஒருத்தர்? வைத்தால் இரண்டும் கெட்டுப்போகும். கொய்யா பிடுங்கிய குரங்கு நாளும் ரயில் பார்த்த நாளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், இரண்டும் சிரிப்பு. அவளுக்குக் காய்ச்சல் அடித்துப் பாதியிலேயே கொண்டுபோய் விட்ட நாளைத் தனியாகத் தள்ளி வைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பதையும் அது கசக்கவைத்துவிடும். கடையில் சூடம் எல்லாவற்றுக்கும் தூரமாக, அதுவும் டப்பாவில் நாலு மிளகைப் போட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கரைந்து காற்றோடு போய்விடும். சின்னதிலே கேட்டாளே, எங்க போகும்ப்பா என்று. காத்தோட போயிரும்டா. காத்து எங்க போகும்? கடைக்குள்ளதான் சுத்தும். அப்ப சூடமும் கடைக்குள்ளதான இருக்கும், போயிருச்சுன்னு ஏம்ப்பா சொல்ற?

பிரிக்காமல் மிச்சமிருந்த பொட்டலங்களை அதற்குப் பிறகு அவர் பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது, அப்படியே முதுகில் பசை தடவி வைத்துவிட்டார், சில கனமாக இருந்தன, சில ஆட்டினால் கடகடவென்றன, ஒன்றில் மணல் நகரும் சத்தம் கேட்டது. மணல் என்றால் தெப்பக்குளமாகத்தான் இருக்கும். அப்போதெல்லாம் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தண்ணீர் கிடையாது, காய்ந்து கட்டாந்தரையாகக் கிடக்கும், பையன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள், நடு மண்டபத்துக்கு ஆட்கள் நடந்தே போவார்கள். இவள் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி உள்ளே போன மண்ணைத் தட்டி இவர் உள்ளங்கையில் கொட்டுவாள், வச்சுக்கோப்பா, குளத்துக்கு அடியில இருந்து எடுத்த மண்ணு, தண்ணி வந்துட்டா யாருக்கும் கிடைக்காது. உண்மைதான், இப்போது தண்ணீர் நிற்கிறது, படகு விடுகிறார்கள், சாயங்காலம் விளக்குப் போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தனுஷ்கோடி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தண்ணீருக்கு அடியில் ஒரு சின்னப் பெண் செருப்பைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தோன்றி, சீ, இதென்ன அபசகுனமான நினைப்பு என்று பார்வையைத் திருப்பிக்கொள்வார். ஏக்கம் என்றால் இதுதான் போலிருக்கிறது. அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்றுகூட இல்லை, அவை நடந்தன என்று இன்னொரு ஆள் சாட்சி சொன்னால் போதும் என்று இருக்கிறது. சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள். அவளோ சும்மா கடையில உக்காந்துருப்பேன் என்றாள். அதைச் சொன்ன நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏழாவதோ எட்டாவதோ படிக்கிறாள், தோழி சினிமாவுக்குக் கூப்பிட்டிருப்பாள் போல, இவர் ஏணியில் நின்று மேல் இழுப்பறையில் திப்பிலி எடுத்துக்கொண்டிருந்தார், அவள் போனின் சுருள் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். ஏணியிலிருந்து இறங்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அன்றைக்கு மத்தியானம் என்னென்னவோ வாங்கிக் கொடுத்தார், ஜிகர்தண்டா, பருத்திப்பால், பெரிய பலூன், பிள்ளைக்கு வயிறு வலியே வந்துவிட்டது. பத்தாவது வந்ததும் ஞாயிற்றுக்கிழமை டியூஷன் வைத்தார்கள். ஒரு வாரம் வரவில்லை, அடுத்த வாரம் வரவில்லை, அப்புறம் வராததே பழக்கமாகிவிட்டது. மேகலா போன் செய்து, "பிள்ளைக்குப் படிப்பு இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள், நல்ல விதமாகத்தான் சொன்னாள். தப்பா எடுத்துக்க என்ன இருக்கு, படிக்கட்டும் என்றார் இவரும். அதற்குப் பிறகு தீபாவளிக்கு வருவாள், பிறந்தநாளுக்கு வருவாள், ஹாஸ்டலிலிருந்து போன் செய்வாள், அன்பாகத்தான் பேசுவாள், குறை சொல்ல முடியாது. ஆனால் மூட்டை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த தடாதகை ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு இறங்கிப் போய்விட்டாள். அது எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவர் கவனிக்கவில்லை. கடைசி என்று தெரிந்திருந்தால் கவனித்திருக்கமாட்டாரா?

வெளியே வெயில் நிறம் மாறி, ஷட்டருக்குக் கீழே நிழல்கள் நீளமாகப் போகத் தொடங்கின. இன்னொரு பயம் மெல்ல எழுந்து வந்தது, இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை? ஏர்போர்ட். பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். உள்ளே ஒரு தடி ஆல்பம், அதில் பக்கத்துக்குப் பக்கம் பொட்டலம், எதிலும் பேர் எழுதவில்லை. ஒன்றில் மணல், ஒன்றில் ஏதோ விதை, ஒன்றில் என்ன பொடியோ. இதென்னம்மா என்று கேட்டால் தெரியாது சார் என்பாள் பிள்ளை, உண்மையாகவே தெரியாதே. நாட்டு மருந்துக் கடைக்காரனைத் தவிர எவனாவது வெளிநாடு போகிற பெண்ணிடம் பேர் எழுதாத பொட்டலத்தைக் கொடுத்து அனுப்புவானா? கடையில் இத்தனை இழுப்பறை இருக்கிறது, ஒன்றில்கூட அவர் பேர் எழுதி ஒட்டியது கிடையாது, எது எங்கே என்று கைக்குத் தெரியும், அந்தப் புத்தி இங்கேயும் வேலை செய்துவிட்டது. போலீஸ் நாய் ஒன்று ஆல்பத்தை மோந்து பார்ப்பதாக ஒரு காட்சி வந்தது, இந்தக் கடை வாசத்துக்கு அது தும்மிவிட்டுத்தான் போகும் என்று அடுத்த காட்சி வந்தது. பேனாவை எடுத்தார். மணல் சத்தம் கேட்ட பொட்டலத்தின் மேலே தெப்பக்குளத்து மண் என்று எழுதினார். எழுதியதைப் பார்த்தால் மண்ணாகத்தான் இருந்தது. செருப்பும் இல்லை, படியும் இல்லை. விரலில் எச்சில் தொட்டு அதைத் தேய்த்து அழித்தார். இது வேண்டாம், கொடுக்கவே வேண்டாம், இழுப்பறையில் போட்டு மூடிவிடலாம், அவளுக்கு ஒரு நல்ல சேலையோ கைக்கடிகாரமோ எடுத்துக் கொடுத்தால் போயிற்று, எல்லா அப்பனும் அதைத்தானே செய்கிறான். கை சட்டைப் பைக்குப் போயிற்று. கடைசிப் பக்கத்துக்கு என்று எடுத்து வைத்த பொட்டலம் அங்கேதான் இருந்தது, இழுப்பறைக்குள் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே கிடந்த பொட்டலம் அது. எடையே இல்லை. ஆட்டினால் சத்தமும் இல்லை. அதனால்தான் ஒட்ட மனசு வராமல் மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ஒன்றுமே இல்லையோ என்று சந்தேகம், பிரித்துப் பார்க்கவும் பயம்.

"என்னப்பா, லைட்டுகூடப் போடாம இருட்டுல உக்காந்துருக்க?" ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்துவிட்டாள். நெட்டையாக வளர்ந்துவிட்டவள், தலை இடிக்கும் என்று இவர் எழுந்திருப்பதற்குள் உள்ளே வந்து, விளக்கைப் போட்டு, கடுக்காய் மூட்டை மேல் உட்கார்ந்தும்விட்டாள். "அம்மா முறுக்கு குடுத்துவிட்டுச்சு, உனக்குத் தனியா" என்று ஒரு டப்பாவை நீட்டினாள். தனுஷ்கோடி ஆல்பத்தை முதுகுக்குப் பின்னால் தள்ளப் பார்த்தார். அது என்ன தள்ளுகிற அளவிலா இருக்கிறது, பொட்டலம் புடைத்து ஒரு தலையணை உசரம். "என்னப்பா அது?" என்று கையை நீட்டினாள். கொடுத்தார். வேறு வழியில்லை. அவள் மடியில் வைத்துத் திறந்தாள், முதல் பக்கம், இரண்டாம் பக்கம், சிவப்பு எழுத்து தெரிகிற மடிப்புகளை விரலால் தடவிக்கொண்டே போனாள். இவர் முறுக்கு டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "சும்மா, இழுப்பறையில கிடந்தது" என்றார். "வேணும்னா எடுத்துட்டுப் போ. எடை போட்டுப் பாத்துட்டேன், ரொம்ப இல்ல. ஆனா ஏர்போர்ட்ல பிரிச்சுப் பாப்பானோ என்னமோ."

"கடையவே பேத்து ஒட்டி வச்சிருக்கியேப்பா" என்றாள். அது பாராட்டா கேலியா என்று அவருக்குப் பிடிபடவில்லை. தலையை நிமிர்த்தவில்லை அவள். கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். "இதுல மட்டும் ஏன் ஒண்ணும் இல்ல?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "இதுல என்ன இருக்குன்னு தெரியலடா. ஒண்ணும் இல்லையோ என்னமோ."

வாங்கிய வேகத்தில் பிரித்தாள். சரசக்கா மல்லுக்கட்டுகிற, ஊரே கிழிக்கிற பொட்டலத்தை அவள் கட்டைவிரல் சரியான பக்கம் போய்த் தட்டித் திறந்ததை அவர் அப்போது கவனிக்கவில்லை. அவர் கண் தாளின் மேலேயே இருந்தது. தாளில் ஒன்றும் இல்லை. வெறும் தாள். பயந்த மாதிரியே ஆகிவிட்டது, கடைசியில் காலிப் பொட்டலம்தான். அவள் தாளை மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். "சூடம்" என்றாள். "அப்பா, சூடம்ப்பா. மிளகு போடாம வச்சோம்ல. எங்க சயின்ஸ் டீச்சரு பதங்கமாதல்னு சொல்லிக் குடுத்தாங்க, மிளகு போடலைன்னா எத்தன நாள்ல போகுதுன்னு பாப்பம்னு நாந்தான் உன்னைய மடிக்கச் சொன்னேன். அடுத்த வாரம் வந்து பிரிக்கிறேன்னு சொன்னேன்." தாளில் இருந்த தேதியைப் பார்த்தாள். "அடுத்த வாரந்தான் டியூஷன் ஆரம்பிச்சுருச்சு." குரல் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. "வரவே இல்லேல்ல நான்."

"அதுனால என்னடா, படிக்கிற பிள்ள" என்றார் தனுஷ்கோடி. ஆக, இதுதான் அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இதை அவர் மறந்துவிட்டார், அவள் மறக்கவில்லை. அவள் போன் அடித்தது. யாரோ தோழி, பெட்டி கட்டியாகிவிட்டதா, எங்கே இருக்கிறாய் என்று கேட்கிற சத்தம் இவர் வரை கேட்டது. அவள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தாளைத் தொடை மேல் வைத்து மடிக்க ஆரம்பித்தாள். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். வலதுகைப் பழக்கக்காரி அவள், எழுதுவது வலது கை, சாப்பிடுவது வலது கை, நாளைக்கு ஊசி போடப்போவதும் வலது கை. ஆனால் நீளவாக்கில் மடித்து, முனையைத் திருப்பி, கடைசி மடிப்புக்கு வந்தபோது அவள் இடது கை தானாக மேலே வந்து, எல்லாரும் செருகுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளிச் செருகி, அவர் தட்டுகிற மாதிரியே ஒரு தட்டுத் தட்டியது. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. மூட்டை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஒண்ணும் இல்லடி" என்றாள் போனில், "சும்மா கடையில உக்காந்துருக்கேன்."

போனைக் கீழே வைக்காமலேயே பொட்டலத்தைக் கடைசிப் பக்கத்தின் நடுவில் வைத்துப் பார்த்தாள், கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள், பிறகு இவரைப் பார்க்காமலே பசைக்காகக் கையை நீட்டினாள். தனுஷ்கோடி மூடியைத் திறந்து கொடுத்தார்.